ஒரே ஒரு பயனருக்கான மென்பொருள்

வெண்பாவில் தளை (ஒரு சீரும் அடுத்த சீரும் சேரும் ஒழுங்கு) தட்டுகிறதா என்று பார்த்துச் சொல்லும் மென்பொருளை எத்தனை பேர் தேடுவார்கள்? மரபுக்கவிதை எழுதுபவர்கள், யாப்பு படிக்கும் தமிழ் மாணவர்கள், ஈற்றடி கொடுத்து வெண்பா கட்டி விளையாடும் சில குழுக்கள். அவ்வளவுதான். இதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க எந்த நிறுவனமும் முன்வராது. ஆனாலும் அப்படி ஒன்று இருக்கிறது. வினோத் ராஜன் உருவாக்கிய 'அவலோகிதம்'. செய்யுளை உள்ளிட்டால் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று பிரித்துக் காட்டி, இன்ன பா என்றும் சொல்லிவிடும். மூல நிரல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடக்கிறது. அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்பது வீரசோழியம் சொல்லும் பௌத்த மரபு. பெயர் அங்கிருந்து வந்தது. விற்பனைப் பிரிவு என்று ஒன்று இருந்திருந்தால் இந்தப் பெயரை வைக்கவே விட்டிருக்காது.

இந்த மாதிரி மென்பொருள்களுக்கென்று ஒரு தனி உலகமே இருக்கிறது. ஒருவர் தன் தேவைக்காக, சில சமயம் தேவைகூட இல்லாமல் வெறும் ஆசைக்காக, மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உட்கார்ந்து எழுதியவை. பழைய கால்குலேட்டர் சிப் ஒன்றைப் போல அச்சு அசலாக நடிக்கும் நிரல், மொட்டைமாடியில் வைத்த வெப்பமானியின் கணக்கைப் படமாக வரையும் நிரல், தன்னிடம் உள்ள புத்தகங்களை யார் யாரிடம் கடன் கொடுத்தோம் என்று நினைவூட்டும் நிரல். பெரும்பாலானவற்றுக்குக் கிட்ஹப்பில் இரண்டு நட்சத்திரம் (லைக் மாதிரி) விழுந்திருந்தால் அதிகம். அதிலும் ஒன்று நண்பர் போட்டதாக இருக்கும்.

மூல நிரலை யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்று பேச்செடுத்தாலே லினக்ஸ் இயங்குதளத்தின் கதைக்குப் போய்விடுவது வழக்கம். ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களுக்கு எழுதிய அறிவிப்பில், இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்றுதான் சொன்னார். பைத்தான் என்ற நிரல்மொழியும் கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோகக் கையில் எடுத்த வேலைதான். எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கதைகளையே திரும்பத் திரும்பச் சொன்னால், சிறிதாகவே நின்றுவிட்ட மற்றவை எல்லாம் தோற்றுப்போனவை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வளர்க்கும் நினைப்பே இல்லாமல் எழுதிய ஒன்று வளரவில்லை என்றால் அதில் தோல்வி எங்கே வந்தது?

சரி, இப்படி ஒன்றை எழுத உட்கார்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது? வெண்பா சோதிக்கும் நிரலையே எடுத்துக்கொள்வோம். முதல் வேலை, ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணுவது. 'தமிழ்' என்பது மூன்றெழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்கிறது. கணினிகளுக்கான பொது எழுத்துத் தரமான யூனிகோடு நம் எழுத்துகளைச் சேமிக்கும் முறை அப்படி: த ஒன்று, ம ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. அந்தச் சொல்லை அப்படியே தலைகீழாகத் திருப்பச் சொன்னால் புள்ளி முதலில் வந்து நிற்கும். 'கொ' இன்னும் வேடிக்கை. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகப் போட்டும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் 'ள' எழுத்தும் சேர்த்துத் தட்டியவர்களின் கோப்பு கையில் கிடைத்தால், எழுத்துக் கணக்கே ஒன்று கூடிவிடும்.

நல்லவேளையாக இந்தத் தலைவலியை வேறு சிலர் ஏற்கெனவே பட்டு முடித்திருக்கிறார்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில், சொல்லைக் கொடுத்தால் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு இருக்கிறது. ஓப்பன் சோர்ஸின், அதாவது மூல நிரலைத் திறந்துவைப்பதின், அன்றாடப் பயன் இதுதான். உலகை மாற்றுவதெல்லாம் அப்புறம். எவரோ முன்பின் தெரியாத ஒருவர் செய்துவைத்ததன் மேல் நாம் அடுத்த படியைக் கட்டலாம்.

எழுத்து பிரிந்துவிட்டால் அசை பிரிப்பது எளிது. தனிக் குறிலோ நெடிலோ, ஒற்று சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நேர். குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இவற்றோடு இன்னொரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர். மாவுக்கு முன் (அதாவது அதை அடுத்து) நிரை, விளத்துக்கு முன் நேர், காய்க்கு முன் நேர். இவ்வளவையும் எழுத நிரலில் ஒரு பக்கம் போதும். சோதித்துப் பார்க்க 1330 குறள்கள் தயாராக இருக்கின்றன. இதைவிட நல்ல சோதனைத் தரவு எந்த மொழிக்காரனுக்குக் கிடைக்கும்? முதல் குறளைக் கொடுத்தால் புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா என்று அழகாக ஓடி, 'உலகு' என்ற கடைசிச் சீரை, ஈற்றுச் சீருக்கென்றே உள்ள பிறப்பு வாய்பாட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

அறுபத்தாறாவது குறளுக்கு வரும்போது வள்ளுவர் தளை தட்டிவிட்டார் என்று நிரல் அறிவிக்கும். 'குழலினி தியாழினி' என்ற இடம். 'குழலினி' கருவிளம், எனவே அடுத்து நேர் வர வேண்டும். ஆனால் 'தியா' குறிலும் நெடிலும் சேர்ந்த நிரை. தப்பு வள்ளுவர் மேல் இல்லை. 'இனிது' என்பதன் ஈற்று உகரம் அடுத்து வரும் யகரத்தோடு புணர்ந்து இகரமாகத் திரிந்திருக்கிறது, அது குற்றியலிகரம். தளை கெடும் இடத்தில் அதை எழுத்தாகவே எண்ணக் கூடாது என்று யாப்பிலக்கணம் வழிவைத்திருக்கிறது. 'தி'யைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 'யாழினி' கூவிளம் ஆகி எல்லாம் சரியாகிவிடும். இதில் ஒரு கூத்து என்னவென்றால், சந்தி பிரித்து 'குழல்இனிது யாழ்இனிது' என்று அச்சிட்ட பதிப்பைக் கொடுத்தால் நிரல் ஒரு குறையும் சொல்லாது. அங்கே சீர்கள் காய்ச்சீர்களாகி, காய்க்கு முன் நேர் என்ற விதியில் தப்பித்துவிடும்.

ஆக, முதலில் அப்படியே அலகிட்டுப் பார். தளை தட்டினால், யகரத்துக்கு முன் வரும் இகரத்தை விட்டுவிட்டு மறுபடி பார் என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நீண்டு ஒலிக்கும் அளபெடைக்கு வேறு விதி, ஐ குறுகி ஒலிக்கும் ஐகாரக் குறுக்கத்துக்கு வேறு விதி. ஒரு நிறுவனத்தில் இந்தச் சிக்கல் 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் போய்ப் படுத்துவிடும், நியாயமும்கூட. தனக்காக எழுதுகிறவர் இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பார். எழுதி முடிக்கும்போது அவருக்கு யாப்பும் ஒரு சுற்று புரிந்திருக்கும், யூனிகோடும் ஒரு சுற்று புரிந்திருக்கும்.

பொழுதுபோக்கு நிரல் சீக்கிரம் முடிவதற்குக் காரணம் அதை எழுதுகிறவரின் திறமை மட்டும் இல்லை. ஆயிரம் பேருக்கான மென்பொருளில் மையமான வேலை கொஞ்சம்தான். லாகின், கடவுச்சொல் மறந்தவருக்கு மின்னஞ்சல், விதவிதமான போன் திரைகள், அமைப்புகள் பக்கம், கட்டணம், தரவுப் பாதுகாப்பு, குறை கேட்க ஆள் என்று சுற்றி எழும் கட்டடம்தான் பெரிது. பயனர் ஒருவரே, அவரும் நாமே என்றால் இவை அத்தனையும் காணாமல் போகும். கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று நிரலுக்குள்ளேயே எழுதிவிடலாம். தரவுத்தளம் வேண்டாம், ஒரு டெக்ஸ்ட் கோப்பு போதும். பிழை வந்தால் நாகரிகமான செய்தி வேண்டாம், பைத்தான் கக்குவதை நாமே படித்துக்கொள்ளலாம். ஆளை நிற்கவைத்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இன்னொருவருக்குப் பொருந்தாது, பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்தபின் இந்த வேலை இன்னும் சுருங்கியிருக்கிறது. பொத்தான், படிவம், பக்கத்தின் நிறம் போன்ற சலிப்பூட்டும் பகுதிகளை அதனிடம் தள்ளிவிடலாம். குற்றியலிகரத்தையும் அதனிடமே கொடுத்துவிட்டால், அப்புறம் நமக்கென்று என்ன மிஞ்சும் என்பது என் கட்சி. பயன் மட்டும் போதும் என்பவர்கள் கொடுத்துவிடலாம்.

தனக்கு மட்டும் என்றால் எதற்கு அதை ஊரறியத் திறந்துவைக்க வேண்டும்? கேட்க வேண்டிய கேள்விதான். நடைமுறைக் காரணங்கள் உண்டு. வன்தட்டு போனாலும் நிரல் பிழைத்திருக்கும். யாராவது பார்க்கக்கூடும் என்ற நினைப்பே மாறிகளுக்கு ஒழுங்கான பெயர் வைக்கச் செய்யும். வேலைக்கு நேர்காணல் போகும்போது காட்டலாம். நாம் எடுத்தாண்ட நூலகங்களுக்கு ஒரு கைம்மாறாகவும் இருக்கும். கொஞ்சம் பெருமையும் உண்டு, அதை மறைப்பானேன்.

திறப்பது என்றால் கோப்பைப் பொதுவில் வைத்தால் மட்டும் போதாது. உரிமம் எதுவும் போடாத நிரலுக்குப் பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கும். மற்றவர்கள் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் எம்ஐடி உரிமம் போன்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஒரு பக்கம்கூட வராத அந்த உரிமத்தின் பாதி, பெரிய எழுத்தில், ஒரே விஷயத்தைச் சொல்கிறது: இது இருக்கிறபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை, என்ன சேதம் வந்தாலும் எழுதியவர் பொறுப்பில்லை. ஜிபிஎல் உரிமமும் வேறு சொற்களில் இதையேதான் சொல்கிறது. நிரலைக் கொடுப்பது ஒரு காரியம். அதைப் பராமரிப்பேன், கேட்டதைச் செய்துதருவேன் என்று வாக்குக் கொடுப்பது முற்றிலும் வேறொரு காரியம். உரிமம் முதலாவதை மட்டுமே செய்கிறது. நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

இணையத்திலிருந்து தரவை இறக்க உதவும் கர்ல் என்ற கருவியின் கதையில் இது நன்றாகத் தெரியும். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெரி, 1996 வாக்கில் ஐஆர்சி என்ற இணைய அரட்டை முறையில் ஓர் அறைக்காக பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுதிக்கொண்டிருந்தார். அறையில் இருப்பவர்கள் கேட்டால் அந்நியச் செலாவணி மதிப்பை மாற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு இணையப் பக்கம் ஒன்றிலிருந்து தினசரி விகிதத்தை இறக்க வேண்டும். ரஃபேல் சகுலா எழுதிய எச்டிடிபிகெட் என்ற சிறு நிரல் கிடைத்தது. அதை எடுத்துத் தன் தேவைக்குத் திருத்தினார். வசதிகள் கூடிக்கொண்டே போய், 1998 மார்ச்சில் கர்ல் என்ற பெயர் வந்தது. இன்று போன், தொலைக்காட்சி, கார் என்று ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட நிறுவல்களில் அது ஓடுகிறது என்பது அவருடைய மதிப்பீடு. ஆனால் அதுவே அவருக்குச் சம்பளம் தரும் முழுநேர வேலையானது 2019இல்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் பக்க வேலையாகவே ஓட்டியிருக்கிறார்.

கார் திரைகளில் வரும் உரிமப் பட்டியலில் அவருடைய மின்னஞ்சல் முகவரியும் இருப்பதால், தங்கள் காரின் ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை என்று முகம் தெரியாதவர்கள் அவருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. 2022 ஜனவரியில் வந்தது வேறு ரகம். லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டு உலகமே பதறிக்கொண்டிருந்த நேரம். ஒரு பெரிய நிறுவனம் அவருக்கு எழுதி, உங்கள் மென்பொருளில் இந்தப் பாதிப்பு உண்டா, 24 மணி நேரத்துக்குள் பதில் தரவும் என்று கேட்டது. கர்ல் சி மொழியில் எழுதப்பட்டது, ஜாவாவோடு சம்பந்தமே இல்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் எல்லாக் கேள்விக்கும் மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். என்னைக் கேட்டால் மிகச் சரியான பதில்.

எக்ஸ்இசட் விவகாரத்தில் முடிவு இவ்வளவு சுலபமாக இல்லை. கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. நீண்ட காலம் அதைப் பராமரித்தவர் லாஸ்ஸி கொலின் என்ற ஒரே ஆள். 2022இல், வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளைச் சேருங்கள் என்று சிலர் அவரை நெருக்கினார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை மனத்தில் கொள்ளுங்கள் என்று அவர் எழுதிப் பார்த்தார். நெருக்கிய கணக்குகள் போலியானவை என்று பின்னால் சந்தேகம் எழுந்தது. உதவிக்கு வந்து மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்ற 'ஜியா டான்' என்ற பெயர், 2024இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்றை நுழைத்துவிட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று குடைந்து பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், 2024 மார்ச் 29 அன்று விஷயத்தை வெளியிட்டார். அந்தப் பதிப்புகள் பரவலாகப் போய்ச் சேருவதற்கு முன்பே பிடிபட்டது பெரும் அதிர்ஷ்டம். பொழுதுபோக்கு என்று சொன்னவரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் மேல் கட்டடம் கட்டியவர்கள் பணமோ ஆளோ கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் வேகத்தை மட்டும் கேட்டார்கள்.

எல்லையை முதலிலேயே போட்டுவிடுவது ஒரு வழி. கணினி அறிஞர் டொனால்ட் குனூத் இதில் கில்லாடி. 1977இல் தன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதிக்கான அச்சுப்படி வந்தபோது, கணித எழுத்துகள் இருந்த லட்சணத்தைப் பார்க்கச் சகிக்காமல், தானே அச்சுக் கோக்கும் நிரலை எழுதக் கிளம்பினார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்த டெக் என்ற அந்த நிரல், ஏறக்குறைய பத்தாண்டுகளை விழுங்கியது. ஆனால் 3.0 பதிப்போடு இனிப் புதிய வசதி கிடையாது என்று அறிவித்துவிட்டார். அதன்பின் பிழை திருத்தம் மட்டும்தான், அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணில் பை மதிப்பின் ஓர் இலக்கம் கூடும், 2021இல் 3.141592653 வரை வந்தது. பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2.56 டாலருக்குக் காசோலை எழுதித் தொடங்கி, பின்னால் தொகையை 327.68 டாலர் வரை உயர்த்தினார். பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள்.

எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை எழுதும் ரிச்சர்ட் ஹிப் குழுவின் வழி வேறு. நிரலைப் பொதுச்சொத்தாகவே கொடுத்துவிட்டார்கள், யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியாட்கள் எழுதி அனுப்பும் நிரலைச் சேர்ப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கலாம், வாங்கிக்கொள்ளக் கட்டாயமில்லை. சின்னத் திட்டங்களுக்கு இதைவிடவும் எளிய ஏற்பாடு போதும். நிரலுக்கான அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பின் முதல் வரியிலேயே 'இது என் சொந்த உபயோகத்துக்கு எழுதியது, கோரிக்கைகளுக்குப் பதில் வராமல் போகலாம், தாராளமாக ஃபோர்க் செய்துகொள்ளுங்கள் (தனிப் பிரதி எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்)' என்று போட்டுவிடலாம். கிட்ஹப்பில் குறைகளும் கோரிக்கைகளும் வரும் இஷ்யூ பகுதியையே அணைத்து வைக்கலாம். ஆர்வம் தீர்ந்துவிட்டால் ரெப்போவை (நிரல் கிடங்கை) ஆர்க்கைவ் செய்தால் படிக்க மட்டும் முடியும்படி நின்றுவிடும். இதில் குற்றவுணர்வு கொள்ள ஒன்றுமில்லை.

ஃபோர்க் செய்வது மற்றவர்களுக்கு மட்டுமான வழி என்று நினைக்க வேண்டாம். ஆப்பிளில் உலாவி நிரல் எழுதிய அனுபவம் உள்ள ஆண்ட்ரியாஸ் கிளிங், போதை மீட்புச் சிகிச்சை முடித்து வெளியே வந்தபின், நீண்டு கிடந்த பொழுதை நிரப்ப 2018இல் ஓர் இயங்குதளம் எழுதத் தொடங்கினார். பெயர் செரினிட்டிஓஎஸ். தொண்ணூறுகளின் சாம்பல் நிறச் சன்னல்களும் பொத்தான்களும் அவருக்குப் பிடிக்கும், எனவே அப்படியே வைத்தார். இயங்குதளத்தின் மையமான கர்னல் முதல் சீட்டாட்டம் வரை எல்லாவற்றையும் புதிதாகத் தாங்களே எழுத வேண்டும், வெளி நூலகம் எதையும் இழுக்கக் கூடாது என்பது அங்கே விதி. வணிகக் கணக்கில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். கற்றுக்கொள்ளவும் ரசிக்கவும் அதைவிட நல்ல விதி கிடையாது. நூற்றுக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் எழுதிய உலாவி, லேடிபேர்ட் என்ற பெயரில் தனியாக வளர்ந்து அவருடைய நேரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் அவர் உலாவியை மட்டும் ஃபோர்க் செய்துகொண்டு செரினிட்டியின் தலைமையிலிருந்து விலகினார். அடுத்த மாதம் லேடிபேர்டுக்கு லாப நோக்கமற்ற அமைப்பும் நன்கொடையும் வந்தன. வெளி நூலகம் கூடாது என்ற விதி அங்கே இல்லை. செரினிட்டியை மற்றவர்கள் எடுத்து நடத்துகிறார்கள். அதற்கு வெளியீட்டுத் தேதி என்று ஒன்றும் கிடையாது. வேண்டுபவர்கள் மூல நிரலை இறக்கித் தாங்களே கம்பைல் செய்துகொள்ள (இயங்கும் வடிவுக்கு மாற்றிக்கொள்ள) வேண்டியதுதான்.